வங்கி இ-ஏலத்தில் சொத்து உங்களுக்கு விழுந்துவிட்டதா? பணம், கெடு, தகராறு: முழுமையான வழிகாட்டி

கடன் கட்டாதவரின் வீட்டையோ மனையையோ வங்கி ஆன்லைனில் ஏலம் விடுகிறது. கடைசி நிமிடம் வரை கேட்டு, திரையில் உங்கள் பெயருக்கு நேரே 'எச்1', அதாவது அதிக விலை கேட்டவர், என்று வந்துவிட்டது. இதுவரை நீங்கள் ஏலம் கேட்டவர். இனி சட்டப்படி கடமைப்பட்டவர். பிடிக்கவில்லை, பணம் புரளவில்லை, யாரோ கேஸ் போட்டிருக்கிறார்கள் என்று எதைச் சொன்னாலும் கெடு தானாக நிற்காது. இந்த வகை ஏலத்தில் பணத்தைப் பறிகொடுப்பவர்களில் பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

சாதாரணப் பொருள் ஏலத்துக்கான சட்டம் கொஞ்சம் இளகியது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64-வது பிரிவின்படி, மூன்று தரம் சொல்லி முடிக்கும் வரை கேட்டவர் பின்வாங்கலாம். முடிந்தபின் அது ஒப்பந்தம். கணினி வழியில் நடந்தது என்பதற்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. வங்கிச் சொத்து ஏலம் இதற்கு ஒரு படி மேலே போகிறது. அங்கே ஒப்பந்தத்தோடு, கடனுக்குப் பிணையான சொத்தை வங்கியே விற்க வழி தரும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டமும், அதன் கீழ் வந்த பிணை உரிமை அமலாக்க விதிகளும் சேர்ந்து உங்களைக் கட்டுகின்றன. குறிப்பாக 9-வது விதி. கீழே சொல்வதெல்லாம் அந்த விதியைச் சுற்றித்தான்.

படி 1: கேட்பதற்கு முன்பே தொடங்கும் கடமை

ஏல அறிவிப்பில் 'உள்ளது உள்ளபடி, எங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே' என்று ஒரு வரி இருக்கும். பலர் அதை அலங்கார வாசகமாக நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். பின்னால் தகராறு வந்தால் வங்கியின் வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியைத்தான். சொத்தை விசாரித்துப் பார்ப்பது ஏலம் கேட்பவர் பொறுப்பு என்பதே அதன் பொருள்.

என்னென்ன பார்ப்பது? வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா ஆகியவற்றை எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்காமல் விடுவது வேறு சில.

ஒன்று, வங்கியிடம் இருப்பது நேரடி சுவாதீனமா, வெறும் காகித அளவிலான சுவாதீனமா என்பது. இரண்டாவது வகை என்றால் கடன்காரர் (வங்கியில் கடன் வாங்கிக் கட்டாதவர்) குடும்பமோ வாடகைக்காரரோ இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள்.

இன்னொன்று, அந்தக் கடன் தொடர்பாகக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில், அதாவது டிஆர்டி-யில், வழக்கு இருக்கிறதா என்பது. கடன்காரர் ஒரு கம்பெனி என்றால் அதன் மேல் திவால் நடவடிக்கை இருக்கிறதா என்று தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்திலும் தேட வேண்டும். விவசாய நிலமாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. விவசாய நிலத்தின் மேலுள்ள பிணைக்கு சர்ஃபேசி சட்டம் பொருந்தாது என்று 31-வது பிரிவு சொல்வதால், ஏலத்தையே கேள்விக்குள்ளாக்கும் வழக்கு அங்கே எளிதில் முளைக்கும்.

பாக்கிகளையும் கணக்கில் எடுங்கள். சொத்து வரி, குடிநீர் வரி, அடுக்குமாடி என்றால் பராமரிப்புக் கட்டணம், அப்புறம் கரண்ட் பில். பழைய உரிமையாளரின் மின்கட்டண பாக்கியைப் புதிதாக இணைப்பு கேட்பவரிடம் வசூலிக்க விதிகளில் இடமிருந்தால் மின்வாரியம் கேட்கலாம் என்று 2023 மே மாதம் கேரள மின்வாரியம் தொடர்பான வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொழிற்சாலைக் கட்டடம் எடுப்பவர்களுக்கு இது லட்சக்கணக்கில் போகும்.

யார் பெயரில் இணையதளத்தில் பதிவு செய்து கேட்கிறீர்களோ அவர் பெயரில்தான் விற்பனைச் சான்றிதழ் வரும். ஜெயித்தபின் மனைவி பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று போய் நின்றால் பெரும்பாலும் நடக்காது.

படி 2: கேட்கும்போது

ஈஎம்டி, அதாவது ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டும் வைப்புத் தொகை, கட்டி உள்ளே நுழைந்தால், ஏல நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டதாக ஒரு பெட்டியில் டிக் அடித்திருப்பீர்கள். கேட்ட விலையைத் திரும்பப் பெற முடியாது என்று அதில் எழுதியிருக்கும். தவறுதலாக ஒரு பூஜ்யம் கூடுதலாக அடித்துவிட்டால்? ஒப்பந்தச் சட்டத்தின் 22-வது பிரிவின்படி, ஒரு தரப்பு மட்டும் செய்த பிழை ஒப்பந்தத்தை ரத்து செய்யக் காரணம் ஆகாது. அதனால் அந்த நிமிடமே உதவி எண்ணுக்கு போன் செய்து, கையோடு அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்கு (வங்கி சார்பில் ஏலத்தை நடத்துபவர்) மின்னஞ்சலும் போடுங்கள். வங்கி இரக்கப்பட்டால் உண்டு, உரிமையாகக் கேட்க வழி குறைவு.

படி 3: 25 சதவீதம், அடுத்த வேலை நாளுக்குள்

9(3) விதி: ஏலம் எடுத்த விலையில் 25 சதவீதத்தை அன்றே, தவறினால் அடுத்த வேலை நாள் முடிவதற்குள் கட்ட வேண்டும். ஈஎம்டி இதில் அடக்கம். கட்டாவிட்டால் சொத்தை வங்கி மறுபடி விற்கும். ஏல நிபந்தனைப்படி ஈஎம்டி-யும் போகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ரிசர்வ் விலை (ஏலத்தின் குறைந்தபட்ச விலை) 54 லட்சம், ஈஎம்டி 5.4 லட்சம். நீங்கள் 60 லட்சத்துக்கு எடுத்தீர்கள். 25 சதவீதம் 15 லட்சம். ஈஎம்டி-யைக் கழித்தால் 9.6 லட்சம் உடனே போக வேண்டும். மீதி 45 லட்சம்.

வெள்ளிக்கிழமை மாலை ஏலம் முடிந்தால் அடுத்த வேலை நாள் எது? இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கிக்கு விடுமுறை. முதல், மூன்றாவது, ஐந்தாவது சனிக்கிழமைகள் வேலை நாள். சனி, ஞாயிறு போகட்டும் திங்கள் கட்டலாம் என்று இருந்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். பெரிய தொகையை வங்கிக்கு வங்கி உடனே அனுப்பும் ஆர்டிஜிஎஸ், 2020 டிசம்பர் முதல் 24 மணி நேரமும் ஓடுகிறது. ஆனால் உங்கள் நெட் பேங்கிங்கில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு இருக்கும். அதை ஏலத்துக்கு முந்தின நாளே உயர்த்தி வையுங்கள். பணம் அனுப்பியதும் யுடிஆர் எண்ணை (பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண்) மின்னஞ்சலில் அனுப்பி, வந்து சேர்ந்தது என்று பதில் வாங்குங்கள்.

படி 4: மீதி 75 சதவீதமும் 15 நாளும்

அதிக விலை கேட்டதாலேயே சொத்து உங்களுடையது ஆகிவிடாது. வங்கி விற்பனையை உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்த தேதியிலிருந்து 15-வது நாளுக்குள் மீதியைக் கட்ட வேண்டும் என்கிறது 9(4) விதி. கெடு ஓடத் தொடங்குவது ஏலம் நடந்த நாளிலிருந்து அல்ல, உறுதி செய்த நாளிலிருந்து. எனவே உறுதிக் கடிதத்தின் தேதியையும் அது உங்கள் கைக்கு வந்த தேதியையும் ஆதாரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

15 நாள் போதாது என்றால் கெடுவை நீட்டிக்கலாம். அதற்கு இரண்டு நிபந்தனைகள். வங்கியும் நீங்களும் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. கிளை மேலாளர் "பரவாயில்லை சார், மெதுவா கட்டுங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு மதிப்பு கிடையாது. அவர் பெரும்பாலும் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியே அல்ல. கடிதத்தைக் கெடு முடிவதற்கு முன்பே கொடுங்கள். நீளமாக எழுத வேண்டாம்:

"ஐயா, தங்கள் இந்தத் தேதியிட்ட கடிதத்தின்படி மீதித் தொகையை இந்தத் தேதிக்குள் செலுத்த வேண்டும். என் வீட்டுக் கடன் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. வங்கியின் கடிதம் இணைத்துள்ளேன். 9(4) விதியின் கீழ் இந்தத் தேதி வரை கெடுவை நீட்டித்து எழுத்து மூலம் ஒப்புதல் தரக் கேட்டுக்கொள்கிறேன். மீதித் தொகையைச் செலுத்த நான் தயாராகவும் விருப்பமாகவும் இருக்கிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பின்னால் வழக்கு என்று வந்தால், நீங்கள் பணம் கட்ட முன்வந்தீர்களா, நழுவப் பார்த்தீர்களா என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். 2024-ல் ஐடிபிஐ வங்கி தொடர்பான வழக்கில் இது எடுபட்டது. ஏலம் எடுத்தவர்கள் மீதியைக் கட்டத் தயாராக இருந்தும் வங்கியின் பக்கமே தாமதம் நேர்ந்ததால், கெடு தவறிய பழியை அவர்கள் மேல் போட உச்ச நீதிமன்றம் மறுத்தது.

சொத்தின் விலை 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் அதில் 1 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது விற்பவர் பேரிலான வரி, என்று பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவதும் உங்கள் கடமை. நம் கணக்கில் 60,000 ரூபாய். யாருடைய பான் எண்ணில் கட்டுவது என்பதை வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். கடன்காரரின் பான் ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்திருந்தால் பிடிக்க வேண்டிய விகிதம் எகிறிவிடும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டபின் கட்டுவது நல்லது. டிடிஎஸ் சலானைக் காட்டாவிட்டால் 60,000 ரூபாய் குறைகிறது என்று வங்கி கெடு தவறியதாகச் சொல்லவும் வாய்ப்பு உண்டு.

படி 5: கட்ட முடியாமல் போனால்

9(5) விதி சுருக்கமானது: கெடுவுக்குள் மீதி வராவிட்டால் கட்டிய முன்பணம் பறிமுதல். சொத்து மறு விற்பனைக்குப் போகும். அதன் மேல் உங்களுக்கு எந்த உரிமையும் இருக்காது.

"வங்கிக்கு நஷ்டமே இல்லையே, அப்புறம் எப்படிப் பறிமுதல் செய்யலாம்?" என்ற கேள்வி நியாயமாகத்தான் படும். ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74 பிரிவுகளும் நஷ்டத்துக்கு ஏற்ற இழப்பீடு என்றுதான் பேசுகின்றன. இதே வாதம் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவுக்கு எதிராக நம் ஊரிலிருந்தே போனது. ஏலம் 12.27 கோடிக்கு. கட்டிய 25 சதவீதம் சுமார் 3.06 கோடி. மீதி கட்டப்படவில்லை, வங்கி பறிமுதல் செய்தது. அதற்குப்பின் அதே சொத்தை 14.76 கோடிக்கு, அதாவது கூடுதல் விலைக்கே விற்றுவிட்டது. மொத்தத்தையும் பறிமுதல் செய்தது சரியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 2 அன்று அதைப் புரட்டிப்போட்டது. 9(5) விதியின் கீழ் நடக்கும் பறிமுதலுக்கு 73, 74 பிரிவுகள் பொருந்தாது, பறிமுதல் செல்லும் என்பது தீர்ப்பு.

ஏன் இவ்வளவு கறார்? பின்வாங்கினால் சொற்ப இழப்புதான் என்று ஆகிவிட்டால், கடன்காரரே பினாமியை அனுப்பி விலையை ஏற்றி, கட்டாமல் விட்டு, ஏலத்தை இழுத்தடிக்கலாம் என்பது நீதிமன்றத்தின் கவலை. நேர்மையாகக் கேட்டுப் பணம் புரளாமல் போனவரையும் பினாமியையும் ஒரே தராசில் வைப்பது எனக்குக் கொஞ்சம் கடுமையாகவே படுகிறது. ஆனால் இன்றைய நிலைமை அதுதான். வீட்டுக் கடன் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மட்டும் ஏலம் கேட்காதீர்கள். ஏலச் சொத்துக்குக் கடன் தரும் வங்கிகள் உண்டு என்றாலும், காகிதங்களைப் புரட்டிப் பார்த்து முடிப்பதற்குள் 15 நாள் ஓடிவிடும்.

விதிவிலக்கே இல்லையா? உண்டு. கொரோனா காலத்தில் மீதி கட்ட முடியாமல் போன ஒருவருக்கு, இந்தியன் வங்கி தொடர்பான வழக்கில், 2021-ல் முன்பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆனால் "கடன் சாங்ஷன் ஆகவில்லை" என்பது அந்த ரகத்தில் சேராது. வங்கி வழக்கையோ வில்லங்கத்தையோ மறைத்து ஏலம் விட்டது என்று காட்ட முடிந்தால் உங்கள் பக்கம் பலம் கூடும்.

படி 6: தகராறு வந்தால் எதைப் பார்ப்பது

கடன்காரர் டிஆர்டி-க்குப் போய்த் தடை வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உத்தரவின் நகலை வாங்கி, தடை எதற்கு என்று வரிவரியாகப் படியுங்கள். ஏலம் நடக்கட்டும், ஆனால் விற்பனையை உறுதி செய்யக் கூடாது என்று இருந்தால், 15 நாள் கெடு இன்னும் தொடங்கவே இல்லை. மாறாக, உறுதி செய்தபின் சான்றிதழ் தரவோ சுவாதீனம் எடுக்கவோ மட்டும் தடை என்றால், பணம் கட்டும் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். இந்த வித்தியாசம் புரியாமல் "கேஸ் முடியட்டும், பார்க்கலாம்" என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. கெடு ஓடுகிறதா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் பணத்தைக் கட்டிவிட்டு, அதை வட்டி தரும் டெபாசிட்டில் போட உத்தரவிடுமாறு தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். வழக்கில் உங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லி உள்ளே போய்விடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் தலைக்குமேல் வங்கியும் கடன்காரரும் பேசி முடித்துக்கொள்ளக்கூடும்.

அது வெறும் பயம் இல்லை. நவி மும்பையில் ஒரு சொத்தை 105.05 கோடிக்கு ஒரு நிறுவனம் ஏலத்தில் எடுத்தபின், கடன்காரர் நிறுவனமான பாஃப்னா மோட்டார்ஸ் 129 கோடி தருகிறேன், சொத்தை மீட்டுக்கொள்கிறேன் என்றது. மும்பை உயர் நீதிமன்றமும் அனுமதித்தது. உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016 திருத்தத்துக்குப்பின், பொது ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் கடன்காரருக்கு சர்ஃபேசி சட்டம் 13(8) பிரிவின் கீழ் மீட்கும் உரிமை, அதற்குமேல் கிடையாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கடன்காரர் கூடுதலாகத் தருகிறார், உங்கள் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்று வங்கி சொன்னால் இந்தத் தீர்ப்பைக் காட்டலாம்.

ஆனால் ஏலமே விதிப்படி நடக்கவில்லை என்றால் உங்கள் நிலையும் ஆட்டம் காணும். கடன்காரருக்கு 30 நாள் அவகாசத்தோடு விற்பனை அறிவிப்பு தந்தாக வேண்டும் என்று 2014-ல் மாத்யூ வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. பொது ஏலம் என்றால் இரண்டு முன்னணி நாளிதழ்களில் விளம்பரம் வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும். இதில் ஓட்டை விழுந்தால் விற்பனை ரத்தாகலாம். உங்கள் தப்பு இல்லாதபோது பணத்தைத் திரும்பக் கேட்கலாம், வட்டியோடு கேளுங்கள். வட்டி இல்லாமல்தான் திருப்புவோம் என்ற வரியை நிபந்தனையில் காட்டி வங்கி மறுக்கும். அங்கே வாதாட இடமிருக்கிறது.

திவால் விவகாரம் தனி ரகம். கடன்கார கம்பெனி மேல் திவால் நடவடிக்கை தொடங்கும் நாளில் முழுப் பணமும் கட்டப்படாமல் இருந்தால், விற்பனை முடிந்ததாகக் கணக்கு இல்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். அந்த வழக்கில் மீதிப் பணத்தைப் பிறகு கட்டியும் பலன் இல்லை. கம்பெனிச் சொத்து என்றால் 15 நாள் இருக்கிறதே என்று காத்திராமல் முடிந்தவரை சீக்கிரம் முழுத் தொகையையும் கட்டிச் சான்றிதழை வாங்கிவிடச் சொல்வேன்.

படி 7: எங்கே போய் முறையிடுவது

பறிமுதல் தவறு என்று நினைத்தால் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் போடப் பலர் ஓடுகிறார்கள். 2017 நவம்பரில் அகர்வால் டிராகாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது. முன்பணத்தைப் பறிகொடுத்த ஏலதாரரும் 'பாதிக்கப்பட்டவர்'தான், சர்ஃபேசி சட்டத்தின் 17-வது பிரிவின் கீழ் டிஆர்டி-க்குத்தான் போக வேண்டும். கெடு 45 நாள். சிவில் கோர்ட்டுக்குப் போக அதே சட்டத்தின் 34-வது பிரிவு தடை. சென்னை, கோயம்புத்தூர், மதுரையில் டிஆர்டி இருக்கிறது. அங்கே தோற்றால் மேல்முறையீடு சென்னையில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில், 30 நாளுக்குள்.

மனுவோடு இடைக்கால மனுவும் போட்டு, சொத்தை மறு ஏலம் விடத் தடை கேளுங்கள். மறு ஏலம் முடிந்து மூன்றாவது ஆள் உள்ளே வந்துவிட்டால், அதற்குப்பின் சொத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது, பணத்தைப் பற்றி மட்டுமே பேச முடியும். இந்த வேலையைப் பத்திரம் எழுதும் வக்கீலிடம் கொடுக்காமல், டிஆர்டி-யில் தினமும் நிற்கும் வக்கீலிடம் கொடுங்கள்.

படி 8: பணம் முழுவதும் கட்டியபின்

விற்பனைச் சான்றிதழை அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி தருவார். வில்லங்கம் இருக்கிறதா இல்லையா என்று அதில் குறிப்பு இருக்கும், வாங்கும்போதே படித்துப் பாருங்கள். சான்றிதழின் நகலைச் சார்பதிவாளர் தன் புத்தகத்தில் கோத்துக்கொண்டாலே போதும் என்று பதிவுச் சட்டத்தின் 89(4) பிரிவைக் காட்டி உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. அசலைப் பதிவுக்குக் கொடுத்தால்தான் முத்திரைத்தீர்வை என்று 2024 நவம்பரிலும் சொன்னது. இருந்தாலும் நாளை விற்கவோ கடன் வாங்கவோ போகும்போது பதிவு செய்த சான்றிதழைத்தான் எல்லோரும் கேட்பார்கள். தீர்வை எவ்வளவு என்று ஏலம் கேட்பதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்து வைப்பது உத்தமம்.

உள்ளே ஆள் இருந்தால் நீங்களாகப் போய்ப் பூட்டை உடைக்கக் கூடாது. சர்ஃபேசி சட்டத்தின் 14-வது பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ வங்கிதான் மனு போட்டு சுவாதீனம் எடுத்துத் தர வேண்டும். 30 நாளில் உத்தரவு, காரணம் இருந்தால் மொத்தம் 60 நாள் வரை என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்குமேல் இழுக்கும், வங்கியைக் கடிதம் மூலம் நச்சரித்துக்கொண்டே இருங்கள். சாவி கைக்கு வரும் அன்று வீட்டுக்குள் பீரோ, கட்டில், பாத்திரம், சாமி படம் என்று கடன்காரரின் சாமான் கிடக்கும். நீங்கள் ஏலத்தில் எடுத்தது கட்டடத்தை மட்டும்தான். அவற்றைத் தெருவில் தூக்கிப் போட்டால் புது வழக்கு உங்கள் மேல் வரும். வங்கி அதிகாரியை வைத்துப் பட்டியல் எடுத்து, போட்டோ பிடித்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, சாமானை எடுத்துப் போகும் பொறுப்பை வங்கியிடமே எழுத்தில் ஒப்படைத்துவிட்டுச் சாவியை வாங்குங்கள்.